ஞானத்தகப்பன்

மாசிக் கடைசியில் வெங்காயப் பேட்டைக்குள் காற்று புகுந்தால் சருகு பறக்கும். ரோஸ் நிறச் சருகு. மூட்டை இறக்குகிறவன் கழுத்தில், டீக்கடைப் பால் சட்டியில், சிட்டை எழுதுகிறவர் கண்ணாடியில் என்று எல்லா இடத்திலும் வந்து ஒட்டும். புதிதாக வருகிறவர்களுக்குக் கண் எரியும். எங்களுக்கு எரிந்து எரிந்து மரத்துவிட்டது. பேட்டைக்காரன் கண்ணில் தண்ணீர் வந்தால் அது வெங்காயத்தால் வந்தது அல்ல என்று எங்களுக்குத் தெரியும். அந்த மாதம் கஸ்பார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேதான் மூட்டை தூக்கினான். யாரும் கேட்கவில்லை.

பாண்டியராஜ் மட்டும் ஒருநாள் கேட்டான்.

"பெரியம்மாவுக்கு எப்படிப்பா இருக்கு?"

"கஞ்சி எறங்குது. அம்புட்டுத்தான்."

"ஆஸ்பத்திரில என்ன சொல்றாக?"

"வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாக. வயித்துல கட்டி. அறுக்குற நெலம தாண்டிப் போச்சாம்."

"அறுத்தே பொழச்ச பொம்பள," என்றான் பாண்டியராஜ். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல மூட்டைக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பெரியம்மா, கண்ணம்மாள், எங்கள் பேட்டையில் வெங்காயத்துக்குத் தாளும் வேரும் அறுத்தவள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கத்தியை நிறுத்திக்கொண்டு, கையால் வெங்காயத்தை அதன் மேல் இழுப்பாள். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமம். பிள்ளை இல்லையென்று புருசன் அனுப்பிவிட்டான். பிறந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி முகம் கொடுக்கவில்லை. பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்தவள் பேட்டையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அறுத்தவள் சூசையம்மாள், கஸ்பாரின் தாய். ஒருத்தி மாரியாத்தா, ஒருத்தி மாதா. ஒருத்தி ஊருக்குள் வீடு இருந்த சாதி, ஒருத்தி காலனி. இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரன் ஒருவன் போய்ச் சொல்ல, கண்ணம்மாளுக்குப் பிறந்த வீட்டு வாசலும் அடைபட்டது.

கஸ்பாருக்கு நாலு வயதில் சூசையம்மாள் மஞ்சள் காமாலையில் செத்தாள். தகப்பன் திருப்பூர் போகிறேன் என்று போனவன்தான். சாகும்போது சூசையம்மாள் கண்ணம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். பிள்ளையை மாதா கோயிலுக்கு அனுப்ப வேண்டும், மந்திரம் படிக்க வைக்க வேண்டும், முதல் அப்பமான புதுநன்மை வாங்க வைக்க வேண்டும்.

கண்ணம்மாளுக்கு எழுத்து தெரியாது. கோயிலில் மந்திரம் படிப்பிக்கிற உபதேசியாரின் பெண்டாட்டியிடம் போய் வாசற்படியில் உட்கார்ந்து பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் காதால் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். வெங்காயம் அறுத்தபடியே ஒரு வரி சொல்லுவாள், பிள்ளை சருகில் விளையாடிக்கொண்டு திருப்பிச் சொல்லும். விசுவாசப் பிரமாணம் நீளம். அதில் இரண்டு வரியை முன்பின் மாற்றிச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். புதுநன்மைப் பரீட்சையில் கஸ்பார் அப்படியே ஒப்பித்தான். உபதேசியார் முழங்காலுக்குக் கீழே பிரம்பால் இரண்டு வைத்தார். செய்தி கேட்ட கண்ணம்மாள் கையிலிருந்த கத்தியைக்கூடக் கீழே போடாமல் கோயிலுக்குப் போய், "தப்பாச் சொல்லிக் குடுத்தது நானு. அடிக்கிறதுன்னா இங்க அடிங்க" என்று சேலையைக் கெண்டைக்காலுக்கு ஏற்றிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு உபதேசியார் கஸ்பாரை அடித்ததில்லை.

கஸ்பார் அவளை அம்மா என்று கூப்பிட்டால் விடமாட்டாள். "அந்த எடம் சூசைக்கு. எனக்குப் பெரிம்மா போதும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, கோயில் வாசல்வரை கொண்டுவந்து விடுவாள். பூசை முடிகிறவரை சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நிற்பாள். உள்ளே வந்ததில்லை.

இப்போது அவளுக்கு அறுபத்தாறு. கஸ்பாரின் ஒற்றை அறை வீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் ஒயர்க் கட்டிலில் கிடந்தாள். கஸ்பாரின் மனைவி ஜோதிமணி நூல் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டாள். துடைப்பது, புரட்டிப் போடுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவள்தான். தவக்காலம் என்பதால் வீட்டில் கறி மீன் கிடையாது. கண்ணம்மாளுக்கு மட்டும் ஒரு துண்டு கருவாடு சுட்டு, கஞ்சிக்குத் தொட்டு நாக்கில் வைப்பாள்.

ஒருநாள் அப்படிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணம்மாள் கேட்டாள்.

"அப்பு, என்னைய எரிச்சிராதீக. சூசைகூடப் போட்ருங்க. அவ குழியிலயே எடம் இருக்கும். அவ ஒல்லிதான்."

ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப இன்னும் ஒல்லியாயிருப்பாகளே, அத்தே."

"பெறகென்ன. அவ ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். பேட்டையில அப்படித்தான உக்காந்தோம்."

கஸ்பார் சிரிக்கவில்லை. "செய்யுறேன் பெரிம்மா" என்றான். எப்படிச் செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து, கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் ஸ்தனிஸ்லாஸைப் பார்க்கப் போனான். ஸ்தனிஸ்லாஸ் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பட்டறை இல்லை, பேரவை இருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

"ஏப்பா கஸ்பாரு, ஒனக்குத் தெரியாததா? மந்திரிச்ச மண்ணுப்பா அது. ஞானஸ்நானம் வாங்காத ஆளப் போட்டா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து எங்க மாமனாரப் போடணும்பான். நம்மாளுகளுக்கே எடம் இல்லாம ஒருத்தர் மேல ஒருத்தரப் போட்டுக்கிட்டிருக்கோம்."

"எனக்கு மந்திரம் சொல்லிக் குடுத்ததே அதுதான்ணே."

"யாரு இல்லைன்னா? பெரிய காரியம். அதுக்கு ஆண்டவரு மோட்சத்துல எடம் குடுப்பாரு. இங்க எடம் பேரவைதான குடுக்கணும்."

கஸ்பார் பங்குச் சாமியாரிடம் போனான். வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த இளவயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார்.

"பேரவைய மீறி நான் செய்ய முடியாது கஸ்பார். போன வருசம்தான் இதுக்கு ஒரு சண்ட வந்து முடிஞ்சிருக்கு. ஒண்ணு செய்யலாம். அவங்க ஞானஸ்நானம் வாங்கிக்கிறாங்களான்னு கேளுங்க. நான் வந்து குடுக்கறேன். நான் வர்றதுக்குள்ள ஏதாச்சும்னா நீங்களேகூடக் குடுக்கலாம். ஆபத்துல யார் வேணாலும் குடுக்கலாம். தலையில மூணு தரம் தண்ணி ஊத்தி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரச் சொன்னாப் போதும். ஆனா அவங்க கேக்கணும். அதுதான் முக்கியம்."

வீட்டுக்கு வரும்போது கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் சேலைகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தாள்.

"பெரிம்மா, சாமியாரு வாரேங்கிறாரு. தண்ணி ஊத்திக்கிறியா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எதுக்கு?"

"ஊத்துனாத்தான் எடம் குடுப்பாகளாம்."

"எடத்துக்காகத் தண்ணி ஊத்துறதுன்னா, அது சாமியா, பத்திர ஆபீசா?"

"வெளையாடாத பெரிம்மா."

"நீ ஏழு வயசுல காய்ச்சல்ல கெடந்தப்ப யாருக்கு நேந்தேன்?"

"மாரியாத்தாளுக்கு."

"இருவத்தஞ்சு வருசம் தீச்சட்டி எடுத்தேன். ஒருநாளாச்சும் ஒன்னைய அங்க கூட்டிட்டுப் போனேனா? ஒரு பொட்டுத் துன்னூறு ஒன் நெத்தியில வச்சேனா?"

"இல்ல."

"ஏன் வைக்கல? பிள்ள சூசையோட சாமிக்கு. நான் என் சாமிக்கு. ரெண்டு பேரையும் ஏமாத்தாம வந்துட்டேன். போற நேரத்துல ஏமாத்தச் சொல்றியாக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "குடுக்கலன்னா விடு. எரிச்சுக்க. செத்தவளுக்கு என்ன சூடு."

"எனக்கு ஒரு எடம் வேணாமா? கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்ல நானு?"

"அப்ப அது ஒனக்கு வேணும்னு சொல்லு," என்றாள் கண்ணம்மாள்.

அவள் தம்பி ராமருக்குக் கஸ்பார் போன் போட்டான். ஊரில் அவருக்குக் காடு இருந்தது. காட்டு ஓரத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவு கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தான்.

"ஏப்பா, ஒங்க வீட்டுல தின்னு ஒங்க வீட்டுல கெடந்தவள இங்க கொண்டாந்தா எவன் தோள் குடுப்பான்? பங்காளிக ஒருத்தன் வரமாட்டான். எனக்கு ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்க இருக்கு. நீதான வளந்த, நீயே பாத்துக்க" என்றார் ராமர். சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "கஞ்சி குடிக்கிறாளா?" என்றார்.

"குடிக்குது."

போன் வைக்கப்பட்டது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை உச்சி வேளை. உடுமலை லாரியில் பாதி மூட்டை இறங்கியிருந்தது. ஜோதிமணி போன் போட்டாள். கஸ்பார் தலைத்துணியோடு ஓடினான். நாங்கள் மீதியை இறக்கினோம்.

வீட்டில் கண்ணம்மாளுக்குத் தொண்டையில் சளி இழுத்துக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் கொதித்தது. ஃபேன் சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் லாரி வந்து ஆரன் அடித்தது. இப்போது பிடிக்காவிட்டால் மூன்று நாளைக்கு வீட்டில் தண்ணீர் இருக்காது. செத்த வீட்டில் தண்ணீர் இல்லாமல் எப்படி என்று ஜோதிமணி நினைத்தாள். வாயால் சொல்லவில்லை.

"உதட்ட நனைச்சுக்கிட்டே இருங்க. செத்த நேரத்துல வந்திர்றேன்" என்று குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கஸ்பார் டம்ளரில் பஞ்சை முக்கி உதட்டில் வைத்தான். உதடு உறிஞ்சவில்லை. வழிந்து கழுத்துக்குப் போனது. அவன் பஞ்சைக் கீழே வைத்தான். டம்ளரை எடுத்தான். பிதாவின் பெயர் சொல்லி அவள் நெற்றியில் ஊற்றினான்.

கண்ணம்மாள் கண்ணைத் திறந்தாள். வலது கை மெதுவாக மேலே வந்தது. நெற்றியைத் துடைத்தது. ஓரத்திலிருந்து ஓரம்வரை, அழுத்தித் துடைத்தது. வெயிலில் அறுத்துக்கொண்டிருப்பவள் வேர்வையைத் துடைக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அது வேர்வையைத் துடைத்த கை அல்ல என்று கஸ்பாருக்குத் தெரியும். அவள் அவனையே பார்த்தாள்.

கஸ்பார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு கையால் அவள் கையைக் கட்டிலோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் சுதனுக்கு ஒரு தரம் ஊற்றினான். பரிசுத்த ஆவிக்கு ஒரு தரம் ஊற்றினான். அவள் கை அவன் கைக்குள் கொஞ்ச நேரம் முண்டியது. பிறகு முண்டவில்லை.

ஜோதிமணி இரண்டு குடத்தோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணம்மாளின் கண்ணை மூடிவிட்டாள். தலையைத் தூக்கித் துணி போடப் போனவள் நின்றாள்.

"தலகாணி நனைஞ்சிருக்கு."

கஸ்பார் டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"கேட்டாகளா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"அவுகளுக்காகச் செய்யல நீங்க. நமக்காகச் செஞ்சிருக்கீங்க," என்றாள் ஜோதிமணி. அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, யாரிடமும். ஈரத் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் வெயிலில் போட்டாள்.

செய்தி கேட்டு வந்த சாமியார் கேட்டார். "அவங்களாவே கேட்டாங்களா கஸ்பார்?"

"கேட்டுச்சு சாமி."

"ஆண்டவருக்கு நன்றி" என்று சாமியார் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கஸ்பார் தரையைப் பார்த்தான்.

பங்கு அலுவலகத்தில் ஸ்தனிஸ்லாஸ் ஞானஸ்நான ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"பேரு?"

"கண்ணம்மாள்."

"அது பழைய பேருப்பா. ஞானஸ்நானப் பேரு என்ன?"

"பேரு ஒண்ணும் வைக்கலண்ணே."

"பேரு இல்லாம எப்படி எழுதுறது? மரியாள்னு போடுவோம். எல்லாருக்கும் பொதுவா இருக்கும்." எழுதினார். "ஞானத்தாய்?"

"ஜோதிமணின்னு போடுங்க."

"ஞானத்தகப்பன்?"

கஸ்பார் விழித்தான்.

"வேற யாரு அங்க இருந்தது? நீயே இரு," என்று ஸ்தனிஸ்லாஸ் எழுதிவிட்டு ஏட்டைத் திருப்பி வைத்தார். "இதுல ஒரு கையெழுத்து."

ஞானத்தகப்பன் என்றால், பிள்ளைக்கு மந்திரம் படித்துக் கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிப்போய், தகப்பன் தாய் இல்லாவிட்டால் அந்த இடத்தில் நின்று வளர்த்துவிடுகிறவன். அதையெல்லாம் செய்தவள் பெயர் இடது பக்கம் இருந்தது, அதுவும் அவள் பெயராக இல்லை. அதற்கு நேரே வலது பக்கம் கஸ்பார் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலையில் அடக்கம். பேட்டையிலிருந்து தாள் அறுக்கிற பெண்கள் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். கோயிலுக்குள் போகலாமா என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். யாரோ கண்ணம்மாள் நெற்றியில் வைத்திருந்த குங்குமத்தை, பெட்டியை மூடுவதற்கு முன் ஸ்தனிஸ்லாஸ் ஜோதிமணியிடம் கண்ணால் காட்டினார். ஜோதிமணி முந்தானையை எடுத்தாள், நெற்றியருகே கொண்டுபோனாள், பிறகு கையை இறக்கிக்கொண்டாள். வேறொரு பெண் வந்து துடைத்தாள்.

சாமியார் பிரசங்கம் வைத்தார். நம்மை ஆளாக்கியவர்களை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம் என்று கேட்டார். பெறாத பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுத்த ஒரு தாய்க்கு, அந்தப் பிள்ளை அதே விசுவாசத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்றார். நன்றி என்றால் இதுதான் என்றார். நாலைந்து பேர் திரும்பிக் கஸ்பாரைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். "கடைசி மூச்சு வரைக்கும் கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தானாமே" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது எனக்கே கேட்டது.

சூசையம்மாள் குழியைத்தான் தோண்டியிருந்தார்கள். கிடைத்த எலும்புகளை வெட்டியான் ஒரு சாக்கில் ஒதுக்கிக் குழியின் ஓரத்தில் வைத்தார். சின்ன மூட்டை. பக்கத்தில் கண்ணம்மாளை இறக்கினோம். அவள் கேட்ட மாதிரியே ஒருத்தி ஒரு ஓரம், ஒருத்தி ஒரு ஓரம். மண்ணைத் தள்ளி மூடியதும் தலைமாட்டில் கறுப்புச் சிலுவை நட்டார்கள். வெள்ளைப் பெயிண்டில் மரியாள் என்று எழுதியிருந்தது. கஸ்பார் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டான்.

எட்டாம் நாள் மதியம் ராமர் பேட்டைக்கு வந்தார். வேட்டி சட்டையில், கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. யாரிடமோ விசாரித்துக்கொண்டு நேரே கஸ்பாரிடம் வந்தார். இருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் மூக்கும் நெற்றியும் கண்ணம்மாளுடையதாகவே இருந்ததால் கஸ்பாருக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"எங்க வச்சிருக்க?" என்றார் ராமர்.

கஸ்பார் ஸ்தனிஸ்லாஸ் வீட்டில் சாவி வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். வெயிலில் தரை வெடித்திருந்தது. மேட்டின் மேல் போட்ட மாலைகள் காய்ந்து நாராகிக் கிடந்தன. ராமர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பையிலிருந்து ஒரு மஞ்சள் சேலையை எடுத்தார். செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கோடி. மடிப்பைப் பிரிக்கப் போனவர் சிலுவையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.

"இது யாரு?"

"நம்ம… அதுதாங்க. இங்க பேரு மாத்தி எழுதணும்."

"எங்க அக்கா பேரு கண்ணம்மா."

"ஆமாங்க."

"தண்ணி ஊத்திட்டீகளா?"

"ஊத்துனாத்தான் எடம் குடுப்பாக."

ராமர் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அவளாக் கேட்டாளா?"

சாமியாரிடம் "கேட்டுச்சு" என்று சொன்னான். ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னான். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னான். எட்டு நாளில் அது அவன் வாயில் தானாக வந்துகொண்டிருந்தது. ராமரின் நெற்றியைப் பார்த்தபோது வரவில்லை.

"கேக்கல," என்றான். "வேணாம்னுச்சு. தொடச்சுவிட்டுச்சு. நான் கையப் பிடிச்சுக்கிட்டு ஊத்துனேன்."

ராமர் அடிப்பார் என்று கஸ்பார் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். ராமர் மண்கட்டி ஒன்றை எடுத்து விரலால் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா அவளக் கேக்காமத்தான் கட்டிக் குடுத்தாரு. கட்டுனவன் கேக்காமத்தான் அனுப்புனான். நான் ஒரு வார்த்த கேக்காமத்தான் கதவச் சாத்துனேன்." நொறுங்கிய மண்ணை மேட்டின் மேல் போட்டார். "அவள ஒக்கார வச்சு, ஒனக்கு என்ன வேணும்னு கேட்டது நீ ஒருத்தன்தான்."

கஸ்பார் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"கேட்ட பெறகும் இதச் செஞ்சிருக்க," என்றார் ராமர்.

எழுந்தார். சேலையை மறுபடி மடித்துப் பையில் போட்டு, கஸ்பாரின் கையில் கொடுத்தார். "கோடிய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது. கண்ணம்மாளுக்கு எடுத்தது. எங்க போடணுமோ போட்டுக்க."

செருப்பை மாட்டிக்கொண்டு, எப்போது பஸ் என்றுகூடக் கேட்காமல் நடந்தார். கஸ்பார் பையோடு நின்றான். மேட்டின் மேல் விரிக்கலாம் என்றால் அங்கே எழுதியிருந்தது வேறு பெயர். வீட்டுக்குக் கொண்டு போனால் ஜோதிமணி முகத்தைப் பார்க்க வேண்டும். பேட்டையில் லாரி வந்துவிட்டது என்று பாண்டியராஜிடமிருந்து இரண்டு தரம் போன் வந்தது. மூன்றாம் தரம் அடித்தபோதும் அவன் எடுக்கவில்லை.